சவுரியம்மாளின் ஜூன் மாதப் பிறந்தநாள்

சவுரியம்மாள் பிறந்தது டிசம்பர் மாதம், சவேரியார் திருநாளன்று. அதனால்தான் அந்தப் பெயர். இது எனக்குத் தெரியும், எங்கள் தெருவுக்குத் தெரியும், அவள் தம்பி ஆரோக்கியராஜுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அன்றைக்குப் பூசை முடிந்து அக்கா வாங்கித் தரும் பன்னுக்காகக் கோயில் வாசலிலேயே அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அப்படிப்பட்டவன் போன ஜூன் மாதம் போன் செய்து, "அக்கா, வர்ற சனிக்கிழமை உன் பொறந்தநாளு. சனி ஞாயிறு ரெண்டு நாளும் வேலைக்கு லீவு சொல்லிடு. நான் உன்னைக் கார்ல சுத்திக் காட்டப் போறேன்" என்று சொன்னான்.

ஆதார் அட்டையில் அவளுக்கு ஜூன் மாதம்தான். எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான். தேதி தெரியாமல் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால், வாத்தியார் தன் சௌகரியத்துக்கு ஜூன் என்று போட்டுவிடுவார். எனக்கும் ஜூன்தான் போட்டிருக்கிறது. அதற்காக என்னை யாரும் இதுவரை காரில் ஏற்றிக்கொண்டு சுற்றியதில்லை.

"ஏண்டி, உனக்கு டிசம்பர்தானே?" என்று கேட்டேன்.

"வேலை டென்சன்ல மறந்துட்டிருப்பான் கோவிந்தக்கா. ஆசையா கூப்புடறான். அது இல்லடான்னு சொன்னா மூஞ்சி தொங்கிப் போயிடும். ரெண்டு தடவ பொறந்தா எனக்கென்ன நஷ்டம்?" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் பூரித்துப் போயிருந்தது. எனக்குத்தான் என்னவோ நெருடியது.

நான் கோவிந்தம்மாள், திண்டிவனத்தில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். சவுரி என் கடைக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் பெருக்குகிற வேலை, நகராட்சி கான்ட்ராக்ட்டில். சென்னைக்கும் திருச்சிக்கும் பாண்டிச்சேரிக்கும் போகிற ஜனம் இறங்கி, டீயைக் குடித்து, கப்பைக் காலடியிலேயே போட்டுவிட்டுப் போகிற இடம். அவள் குனிந்து பெருக்கிக்கொண்டே இருப்பாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவர்களிடம், "தொலிய கீழ போடாதீங்கன்னு சொல்லி வித்தா வாய் வலிக்குமா?" என்று சண்டைக்குப் போவாள். வாங்கித் தின்பவர்களிடம் ஒன்றும் சொல்லமாட்டாள். பிரயாணத்தில் இருப்பவர்கள், பாவம் என்பாள்.

அவள் அம்மா காய்ச்சலில் போனபோது ஆரோக்கியராஜ் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். சவுரிக்கு அப்போதுதான் தாவணி போட்டிருந்தார்கள். அப்பா இருந்தும் இல்லாதவர், சீக்கிரமே நிஜமாகவே இல்லாமல் போனார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே மயிலம் பக்கம் களையெடுக்கப் போனாள், மல்லாட்டை பிடுங்கப் போனாள், வரப்பில் சேலைத் தூளி கட்டி அவனைத் தூங்கவைத்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பியும் என்னோடு வருவான் என்று சொன்னாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. "தம்பியுடையான் படைக்கு அஞ்சான்னு சொன்னது ஆம்பளைக்குத்தான்டி, உனக்கில்ல" என்று நான் அவளைச் சீண்டுவேன். அவளுக்கு அதில் கோபம் வந்ததே இல்லை.

அவனைப் படிக்க வைத்தாள். விழுப்புரத்தில் ஒரு டூவீலர் ஷோரூமில் சூப்பர்வைசராகிவிட்டான். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் மகள் கலைமதியைக் கட்டிக்கொண்டான். அவர்களும் சவுரி மாதிரி வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கொஞ்சம் வசதி, கொஞ்சம் மிடுக்கு. கல்யாணத்தில் அக்காவை, "நகராட்சியில வேலை பாக்கறாங்க" என்று எல்லாரிடமும் அறிமுகம் செய்துவைத்தான். பொய் என்று சொல்ல முடியாது. சவுரியும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் மார்ச்சில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைச் சவுரி கையில்தான் முதலில் கொடுத்தாள். அப்போது அவள் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தாயாக நான் நிற்கிறேன் என்றாள். அவன் கண் கலங்கி, "நீ நிக்காம வேற யாருக்கா நிப்பாங்க? எனக்கே நீதானே அம்மா" என்றான். நானும் அங்கேதான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். என் காதால் கேட்டது.

நான் மயிலம் முருகனுக்கு மொட்டை போடுகிறவள், எனக்கு இதெல்லாம் தெரியாது. சவுரிதான் விளக்கிச் சொன்னாள். சாமியார் குழந்தை தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஞானத்தாய்தான் குழந்தையைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம். குழந்தைக்குப் பேச வராது என்பதால் சாமியார் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமாம். ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான் ஞானஸ்நானம், மறுபடி கிடையாதாம். கல்யாணம், காட்சி, பிள்ளை என்று எதுவும் இல்லாமல் போனவளுக்கு, கோயிலில் எல்லாரும் பார்க்க ஒரு குழந்தைக்குத் தாய் என்று நிற்க அது ஒன்றுதான் வழி. அதை அவளே என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

அந்தப் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டே இருந்தாள். சாயங்காலம் கடைக்கு வந்து என் மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்து, என்னைச் சாமியார் மாதிரி கேள்வி கேட்கச் சொல்வாள். நான் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, "சாத்தானை விட்டுவிடுகிறாயா?" என்பேன். "விட்டுவிடுகிறேன்" என்பாள். "அதன் செயல்களையெல்லாம்?" "விட்டுவிடுகிறேன்." "டீக்கடை பஜ்ஜியை?" என்று கேட்டால், "அத மட்டும் விட முடியாதுக்கா" என்று சிரிப்பாள். குழந்தைக்கு வெள்ளைக் கவுன் ஒன்றும் என்னிடமே தைக்கக் கொடுத்தாள். கழுத்தில் லேஸ் வை, கையில் வை, குழந்தைக்கு உறுத்தக் கூடாது என்று என்னைப் பேஜாரு பண்ணிவிட்டாள். மூன்று தடவை பிரித்துத் தைத்தேன்.

சனிக்கிழமை காலையில் ஆரோக்கியராஜ், ஒரு சிநேகிதனின் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். அக்காவுக்கு ஒரு கத்தரிப்பூ நிறச் சேலை வாங்கி வந்திருந்தான். என்னையும் வரச் சொன்னான். "அக்காவுக்குப் பேச்சுத் துணை வேணும்ல. நீங்களும் வாங்க, ரெண்டு நாளும் இருங்க" என்று வற்புறுத்தினான். எனக்கு இருக்கிற மரியாதையைப் பார் என்று நானும் கடையை மூடிவிட்டு ஏறினேன்.

முதலில் செஞ்சி. கோட்டைக்கு மேலே ஏற என் முழங்கால் ஒத்துழைக்காது, சவுரியும் எனக்காகக் கீழேயே இருந்துவிட்டாள். அடிவாரத்தில் உட்கார்ந்து நுங்கு தின்றோம். அங்கிருந்து விழுப்புரம் ரோட்டில் மண்டகப்பட்டு. மகேந்திரவர்மன் காலத்துக் குகைக்கோயில், பெரிய பாறையைக் குடைந்து செய்தது. ஆரோக்கியராஜ் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். "செங்கல்லு இல்ல, மரம் இல்ல, இரும்பு இல்ல, சுண்ணாம்பு இல்ல. கல்லு மட்டுந்தான்க்கா" என்றான். சவுரி தூணைத் தடவிப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த சிப்ஸ் கவர்களையும் தண்ணீர் பாட்டிலையும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். பழக்கம், கை சும்மா இருக்காது.

"அக்கா, இங்கயுமா? விடு அதை" என்றான் அவன். குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் சொல்வதற்கு முன்னால் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒரு காலேஜ் ஜோடியைத் தவிர யாரும் இல்லை. சவுரி பொறுக்கியதையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்து குப்பைத் தொட்டியில் போட்டாள்.

அந்த நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். சவுரி மெதுவாகக் கேட்டாள்.

"குழந்தைக்குக் கோயில்ல எப்பம்மா வெச்சிருக்கீங்க?" தம்பியை அவள் 'அம்மா', 'ராசா' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஃபாதர் லீவுல போயிருக்காருக்கா. வந்தவுடனே தேதி கேக்கணும்."

"முன்னாடியே சொல்லிடு. நான் அதுக்கு முந்தி ஃபாதர் கிட்ட போய் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். கோவிந்தக்கா தச்ச கவுனு ரெடியா இருக்குது."

"சொல்லாம இருப்பனா?" என்று சொல்லிவிட்டு அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். நிறையக் குடித்தான்.

மண்டகப்பட்டிலிருந்து விழுப்புரம் எட்டிப் பிடிக்கிற தூரம். வந்ததுதான் வந்தோம், குழந்தையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றாள் சவுரி. வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள், வாசனை குழந்தைக்கு ஆகாது, கலைமதி அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்றான். "நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் கோட்டக்குப்பம் பக்கம் பீச்சுக்கு வந்துடறோம். அங்க பாரு, ஆசை தீரக் கொஞ்சு. கேக்கு கூட வெட்டறோம்" என்றான். "ஆனா காலையில எனக்கு ஷோரூம்ல அவசர வேலை. டிரைவரை அனுப்பறேன். நீங்க ரெண்டு பேரும் திருவக்கரை பாத்துட்டு வந்துடுங்க."

"ஞாயித்துக்கெழமையா வேலை?" என்று நான் கேட்டேன்.

"சேல்ஸ்ங்க. எங்களுக்கு ஏது ஞாயித்துக்கெழம" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் எவ்வளவு பக்குவமாகச் சோற்றைக் கிளறுகிறான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறன்று சவுரி விடிகாலைப் பூசைக்குப் போய்விட்டு, தம்பி வாங்கிக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. தலையில் மல்லிகைப் பூ, கழுத்தில் அம்மாவின் பழைய ஜெபமாலை. ஒரு பையில் வெள்ளைக் கவுனை டவலில் சுற்றி வைத்திருந்தாள். "அளவு சரியா இருக்குதான்னு போட்டுப் பாத்துடலாம்க்கா. குழந்தை வளந்துகினே இருக்குது, அன்னிக்கு டைட்டாப் போயிடுச்சின்னா?" என்றாள்.

திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. எத்தனையோ லட்சம் வருஷம் ஆனதாம். எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை, நிழல் கொடுக்காத மரத்தைப் பார்த்து என்ன செய்ய? சவுரி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெயில் ஏறியது. போகலாமே என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இன்னும் முடியலங்களா சார்? சாப்பாடு இப்பத்தான் போடறீங்களா? சரி சரி, நான் மெதுவாவே கூட்டினு வர்றேன்" என்று பேசியது என் காதில் விழுந்தது. யாரிடம் பேசுகிறார், எங்கே சாப்பாடு போடுகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சவுரி, அக்கா இங்க வந்து பாரு, இந்த மரத்துல முடிச்சு கூட அப்படியே இருக்குது என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன்.

கோட்டக்குப்பத்தில் பிரியாணி வாங்கிக் கொடுத்தார் டிரைவர். எங்களை அவசரப்படுத்தவே இல்லை. ஜல்தி ஜல்தி என்று எகிறுகிற டிரைவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவரோ, இன்னொரு தால்ச்சா வாங்கிக்கங்கம்மா, நல்லா உக்காந்து சாப்பிடுங்கம்மா என்று உபசாரம் செய்தார்.

வெயில் சாய்ந்தபோது கடற்கரைக்குப் போனோம். படகுகளுக்குப் பக்கத்தில் மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள் ஆரோக்கியராஜும் கலைமதியும். கேக் பெட்டி ஒன்று இருந்தது. கலைமதி பட்டுச்சேலை கட்டியிருந்தாள், பூ வாடியிருந்தது. "சொந்தத்துல ஒரு விசேசம் அண்ணி, அப்படியே வந்துட்டோம்" என்று நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

சவுரி கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "குடும்மா."

"தூங்கறா அண்ணி. எழுந்தா அழுவா. அப்புறமா..."

"அத்தை கிட்ட அழமாட்டா" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். அவள் சொன்னதுபோலவே குழந்தை ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவள் தோளில் சாய்ந்தது. சவுரி பையிலிருந்து கவுனை எடுத்தாள். என்னைப் பிடிக்கச் சொல்லி, கழுத்துப் பட்டனைக் கழற்றி, குழந்தையின் தலை வழியாக மாட்டப் போனாள். முகத்தை உச்சந்தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மறுபடி முகர்ந்தாள். குழந்தைக்குக் காய்ச்சலோ என்று நான் பயந்துவிட்டேன். கவுனை என் கையில் விட்டுவிட்டுக் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"எப்படா குடுத்தீங்க?" என்று தம்பியைக் கேட்டாள். சத்தமே போடவில்லை.

"என்னக்கா?"

"ஞானஸ்நானம் எப்ப குடுத்தீங்க? தலையில தைலம் வாசனை வருது."

எனக்கு அப்போதும் புரியவில்லை. பிறகுதான் சொன்னாள். தண்ணீர் ஊற்றியதும் சாமியார் உச்சந்தலையில் மந்திரித்த தைலம் பூசுவாராம். அதில் ஒரு வாசனைப் பொருள் சேர்ப்பார்களாம், வேறு எந்த எண்ணெயிலும் அந்த மணம் வராதாம். அந்தத் தலையை உடனே கழுவக் கூடாது, சில நாள் அப்படியே விட வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். ஆரோக்கியராஜுக்குப் பூசியபோது அம்மா குழந்தையை இவள் மடியில் போட்டு, தலையில் தண்ணி படாமப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த மணத்தோடுதான் அவனைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அதைத் தம்பிக்கு எத்தனையோ தடவை கதையாகச் சொன்னவளும் அவள்தான்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவன்மேல் ஆத்திரம் பொங்கியது. கிளம்புவதற்கு முன்னால் குழந்தையின் தலையில் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. வளர்த்த அக்காவை இரண்டு நாள் காரில் வைத்து ஏமாற்றத் துணிந்தவனுக்கு, தைலத்தைக் கழுவத் துணிச்சல் வரவில்லை. சாமி குத்தம் ஆகிவிடும் என்று பயம். அக்காவுக்குச் செய்தது எந்தக் குத்தத்திலும் சேராது போலிருக்கிறது.

ஆரோக்கியராஜ் கடலைப் பார்த்தான். கலைமதிதான் அழ ஆரம்பித்தாள். "காலையில அண்ணி. விழுப்புரத்துல. எங்க அம்மாதான்..."

"யாரு தாங்கினாங்க?"

"இவரு மேனேஜரு வீட்டம்மா."

சவுரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "கேள்விக்கெல்லாம் அவங்கதான் பதில் சொன்னாங்களா?"

"ஆமாம் அண்ணி."

"நல்லா சொன்னாங்களா?"

அவள் அப்படிக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. "ஏண்டா, ஆஸ்பத்திரியில என் முன்னாடிதானே சொன்ன, நீ நிக்காம யாரு நிப்பாங்கன்னு? அது எந்த வாயி, இது எந்த வாயி?" என்று கத்திவிட்டேன். படகுக்கு அந்தப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ சும்மா இரு அக்கா" என்றாள் சவுரி. "அவன் சொல்லட்டும். என்ன காரணம்னு அவன் வாயால சொல்லட்டும்."

அவன் அதைத் துண்டு துண்டாகச் சொன்னான். கலைமதியின் சித்தப்பா ஒருத்தர் திண்டிவனத்தில் பஸ் மாறும்போது சவுரி பெருக்குவதைப் பார்த்திருக்கிறார். கல்யாணத்தில் பார்த்த முகமாக இருக்கிறதே என்று நின்று பார்த்திருக்கிறார். போய் விழுப்புரத்தில் சொல்லியிருக்கிறார். மாமியார் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாளாம். ஷோரூம் ஆட்களெல்லாம் வருவார்கள், பீடத்துக்கு முன்னால் நடுவில் நின்று போட்டோ எடுப்பார்கள், பஸ் ஸ்டாண்டில் பெருக்குகிற ஆள் என்று யாராவது சொல்லிவிட்டால் என் பெண்ணுக்குத் தலையிறக்கம் என்றாளாம்.

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்க்கா. வீட்டுல தினமும் சண்டை. உனக்குத் தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னுதான்..."

"அதுக்காகத்தான் பொறந்தநாளா?"

அவன் பாயின் ஓரத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டான்.

"டிசம்பர்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்க்கா."

மறந்துவிட்டான் என்று நினைத்துதான் அவள் அவனுக்காக ஜூன் மாதத்தில் பிறந்தாள். அதுவும் இல்லை என்றானது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சவுரி அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "திண்டிவனத்துல குடுக்கல, விழுப்புரத்துல குடுத்தீங்க. அங்க என்னை யாருக்குடா தெரியும்? நான் கோயில்ல பின்னாடி ஒரு ஓரமா நின்னுட்டுப் போயிருப்பேனேடா. போட்டோவுக்கு வந்து நின்னுருப்பனா? என்னைக் கேட்டிருந்தா, சரி போடான்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "கல்லு மரத்தைப் பாக்க அனுப்பிட்டு, நீங்க விழுப்புரத்துல பந்தி போட்டுக்கினு இருந்தீங்க. நான் அங்க ஒவ்வொரு மரமா தொட்டுப் பாத்துக்கினு, என் தம்பி எனக்காக எவ்வளவு யோசிச்சிருக்கான் பாருன்னு கோவிந்தக்கா கிட்ட சொல்லிக்கினு இருந்தேன்."

அது உண்மை. மூச்சுக்கு மூச்சு சொன்னாள்.

"பேரு உன் பேருதான்க்கா வெச்சோம்" என்று அவன் சொன்னான். "கூப்புடறதுக்கு ஜெனிஃபர். ஞானஸ்நானப் பேரு சவுரியம்மாள். நான்தான் பிடிவாதமா சொன்னேன். ஃபாதர் மைக்குலயே சவுரியம்மாள்னு கூப்பிட்டாரு."

"என் பேரு உள்ள வரலாம், நான் வரக் கூடாதா?" என்றாள் சவுரி. அந்த ஒரு தடவைதான் அவள் குரல் உடைந்தது.

கலைமதி எழுந்து வந்து அவள் காலைத் தொடப் போனாள். சவுரி விலகிக்கொண்டாள். "நீ எதுக்கும்மா? உன்னை நான் வளக்கல" என்றாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று பழமொழியாகச் சொல்வது சுலபம். பாய்ந்த கடாவையே தடவிக் கொடுத்தபடி ஒருத்தி நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது கஷ்டம். அவள் கண் அப்போதும் அவன் சட்டைக் காலரில்தான் இருந்தது. அது மடங்கிக் கிடந்தது. கை அதைச் சரிசெய்யப் போய், பாதியில் நின்றது.

கேக் பெட்டியைத் திறக்கவே இல்லை. காற்றில் அதன் ரிப்பன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் தூரத்தில் நின்று போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

சவுரி குழந்தையின் உச்சந்தலையில் இன்னொரு தடவை முகத்தை வைத்து, ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கலைமதி கையில் கொடுத்தாள். கவுனை என்னிடமிருந்து வாங்கி, மடித்து, அதையும் கலைமதி மடியில் வைத்தாள். "கோவிந்தக்கா மூணு தடவ பிரிச்சித் தச்சது. வீட்டுல போட்டுவிடு, உறுத்தாது" என்றாள்.

நாங்கள் கிளம்பியபோது ஆரோக்கியராஜ் பின்னாலேயே ஓடி வந்தான். அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான். அந்த அழுகை பொய்யில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உறுதிபூசுதலுக்கும் ஞானத்தாய் வெப்பாங்கல்ல. பாப்பா பெரிசானதும் பிஷப்பு வந்து குடுப்பாரு. அதுக்கு நீதான்க்கா நிக்கணும். யாரு என்ன சொன்னாலும் சரி, இது சத்தியம்" என்றான்.

சவுரி அவன் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். அவன் மடங்கிய காலரை இப்போது சரிசெய்துவிட்டாள்.

"அதுக்கு இன்னும் பத்துப் பன்னண்டு வருசம் கெடக்குது" என்றாள். "அது எந்த மாசத்துல வருதோ, அந்த மாசத்துல எனக்கு இன்னொரு பொறந்தநாளு வந்துடும்டா ராசா."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். டிரைவர் கார் கதவைத் திறந்துகொண்டு நின்றார். அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ் நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று வலைக்காரர்களிடம் கேட்டாள்.